தமிழ்ப் பக்கத்தில் எந்தத் தேதி போடுவது?

கேள்வி:

சிவகாசி அருகே விஸ்வநத்தத்தில் என் சித்தப்பா காலண்டர் பிரஸ் நடத்துகிறார். தினசரி காலண்டர், மாதக் காலண்டர் இரண்டும் போடுகிறோம். தமிழ்நாடு போக ஆந்திரா, தெலங்கானா, வட மாநிலங்களிலும் டீலர்கள் இருப்பதால் எங்கள் இணையதளத்தைத் தமிழ், ஆங்கிலம், தெலுங்கு, இந்தி என நான்கு மொழிகளில் வைத்திருக்கிறோம். வேர்ட்பிரஸ்ஸில் செய்தது. செய்துகொடுத்த பையன் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டதால் இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

2025 ஆடி 18 அன்று, அதாவது ஆகஸ்ட் 3-ஆம் தேதி, காலண்டர் மாதிரிகள் அடங்கிய புது ஆல்பம் வெளியிட்டோம். தமிழிலும் ஆங்கிலத்திலும் அன்றே அறிவிப்புப் போட்டாயிற்று. தெலுங்கு மொழிபெயர்ப்பு வர இரண்டு வாரம் ஆகிவிட்டது. அதனால் தெலுங்குப் பக்கத்தில் ஆகஸ்ட் 17 என்று தேதி விழுந்தது. அறிவிப்பில் 'இன்றிலிருந்து 30 நாள் வரை இந்த விலை' என்று எழுதியிருந்தோம். விஜயவாடா டீலர் செப்டம்பர் 12-இல் ஆர்டர் கொடுத்துவிட்டு அறிவிப்பு விலையையே கேட்கிறார். மதுரை டீலருக்கு அந்த விலை முடிந்துவிட்டது என்று ஏற்கெனவே சொல்லிவிட்டோம்.

இன்னும் சில தொல்லைகள். தமிழ்ப் பக்கத்தில் தேதி பாதி ஆங்கிலம், பாதி தமிழ் என்று வருகிறது. முகப்பில் தேதிக் கட்டம் ஒன்று உண்டு. அதில் மாதத்தின் பெயருக்குப் பதில் ஒற்றை எழுத்துதான் தெரிகிறது. நள்ளிரவில் போட்ட அறிவிப்பு முந்தைய நாள் தேதியோடு வந்தது. எல்லாவற்றுக்கும் மேல் சித்தப்பா, "நாமளே காலண்டர் போடுற ஆளுங்க. நம்ம பக்கத்துல ஆடி, ஆவணி இல்லாம என்னப்பா தேதி?" என்று கேட்கிறார். இதையெல்லாம் எங்கிருந்து சரிசெய்ய ஆரம்பிப்பது?

வாசகர், விஸ்வநத்தம்

பதில்:

முதலில் விஜயவாடா டீலருக்கு அறிவிப்பு விலையையே கொடுத்துவிடுங்கள். அவர் படித்த பக்கத்தில் இருந்த தேதி ஆகஸ்ட் 17. அந்தக் கணக்கில் செப்டம்பர் 12 கெடுவுக்குள்தான் வருகிறது. நான்கு மொழியில் கடை திறந்தவர் நான்கு மொழியிலும் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும். மதுரை டீலருக்கு இந்த விவரத்தைச் சொல்லி, முடிந்தால் அவருக்கும் அதே சலுகையைக் கொடுங்கள். இந்த வருஷம் கொஞ்சம் கை கடிக்கும். அடுத்த வருஷம் இந்தப் பேச்சே எழாமல் பார்த்துக்கொள்ளலாம்.

இனி காரணத்துக்கு வருவோம். ஓர் அறிவிப்புக்கு ஒரே ஒரு தேதிதான் என்று நாம் நினைக்கிறோம். பல மொழியில் வெளியிடும்போது தேதிகள் மூன்றாகிவிடுகின்றன. காரியம் நடந்த நாள் ஒன்று. உங்கள் விஷயத்தில் ஆல்பம் வெளியான ஆகஸ்ட் 3. அந்தச் செய்தி இந்த மொழிக்கு வந்துசேர்ந்த நாள் இன்னொன்று. தெலுங்குக்கு அது ஆகஸ்ட் 17. கடைசியாகத் திருத்திய நாள் மூன்றாவது. உங்கள் தளம் இந்த மூன்றையும் ஒரே இடத்தில், ஒரே எழுத்தளவில், எது எந்தத் தேதி என்று சொல்லாமல் காட்டுகிறது. படிப்பவர் தனக்குத் தோன்றியபடி எடுத்துக்கொள்கிறார்.

விலைக் கெடுவை இந்த மூன்றில் எதனோடும் கட்டாதீர்கள். 'இன்றிலிருந்து 30 நாள்' என்ற வரி காகிதத்தில் அச்சடித்துக் கையில் கொடுக்கும் சுற்றறிக்கைக்குப் பொருந்தும். இணையப் பக்கத்தில் 'இன்று' என்பது படிப்பவரின் இன்று. 'இந்த விலை 2025 செப்டம்பர் 2, செவ்வாய், மாலை 6 மணி வரை, இந்திய நேரப்படி' என்று முடியும் நாளையே எழுதிவிட வேண்டும். மொழிபெயர்ப்பு எத்தனை நாள் தாமதமானாலும் அந்த வரி மாறாது. தெலுங்கு டீலருக்கு அவகாசம் குறைகிறதே என்று பட்டால், தெலுங்கு தயாராகும் வரை எல்லா மொழியையும் நிறுத்திவைத்து ஒன்றாக வெளியிடுங்கள், அல்லது தெலுங்குப் பக்கத்தில் வேறு கெடுவைத் தெரிந்தே எழுதுங்கள். எதுவானாலும் முடிவு உங்களுடையதாக இருக்க வேண்டும், மென்பொருள் போட்ட தேதியினுடையதாக இருக்கக் கூடாது.

வேர்ட்பிரஸ்ஸில் பாலிலாங், டபிள்யூபிஎம்எல் போன்ற பன்மொழி பிளகின்கள் ஒவ்வொரு மொழிபெயர்ப்பையும் தனிப் பதிவாகவே வைக்கின்றன. தனிப் பதிவுக்குத் தனித் தேதி. உங்களுக்கு ஆகஸ்ட் 17 விழுந்தது அதனால்தான். இரண்டு பிளகின்களிலும் வெளியான தேதியை எல்லா மொழிக்கும் ஒன்றாக வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. பாலிலாங்கில் 'ஒத்திசைவு' அமைப்புகளுக்குள் வெளியீட்டுத் தேதிக்கான பெட்டியை டிக் செய்ய வேண்டும். டபிள்யூபிஎம்எல்லில் மூலப் பதிவின் தேதியை மொழிபெயர்ப்புகளுக்கு நகலெடுக்கும் தெரிவு உண்டு.

டிக் செய்வதா, வேண்டாமா என்பதில் இணையதளம் செய்பவர்களிடையே இரண்டு கட்சி. தேதியை ஒன்றாக்கிவிட்டால், இரண்டு வாரம் தாமதமாக வரும் தெலுங்கு அறிவிப்பு தெலுங்குப் பட்டியலில் பழைய அறிவிப்புகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துவிடும், புதிது என்றே டீலருக்குத் தெரியாது என்பது ஒரு கட்சி. செய்தித்தாள் நடத்துகிறவருக்கு இது சரியான வாதம். உங்களுக்கு நான் சொல்வது, டிக் செய்யுங்கள் என்றுதான். ஒரு பிரஸ் வருஷத்துக்குப் போடும் அறிவிப்புகள் கொஞ்சம்தான். தாமதமாக வந்த மொழிபெயர்ப்பை அந்த மொழியின் முகப்பில் சில நாள் மேலே நிறுத்திவைத்தால் போதும். அதன் தலைப்புக்குக் கீழே இரண்டு வரியும் வரட்டும்: 'வெளியான நாள்: 3 ஆகஸ்ட் 2025', 'தெலுங்கில்: 17 ஆகஸ்ட் 2025'. இரண்டாவது வரிக்குப் பதிவில் ஒரு கூடுதல் புலம் சேர்த்துக் கையால் நிரப்புங்கள். மென்பொருள் தானாகக் குறித்துக்கொள்ளும் 'திருத்திய நேரம்' இதற்கு உதவாது. ஒரு கமாவை மாற்றிச் சேமித்தாலும் அது மாறிவிடும்.

பழைய பதிவுகளுக்கும் இதே வழிதான் நல்லது. கடந்த சில வருஷத்து அறிவிப்புகளையெல்லாம் உட்கார்ந்து ஒரே வாரத்தில் இந்தியில் போட்டால், தேதி ஒன்றாக இல்லாத தளத்தில் எல்லாமே அந்த வாரத்துச் செய்தியாகத் தெரியும். முடிந்துபோன விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு நாக்பூரிலிருந்து ஒருவர் போன் செய்வார்.

தேடுபொறி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்தை அடிக்கடி புதிது போலக் காட்டினால் கூகுளில் மேலே வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்ளடக்கம் மாறாமல் தேதியை மட்டும் புதுப்பிக்க வேண்டாம் என்பது கூகுளே வெளியிட்டிருக்கும் அறிவுரை. கண்ணுக்குத் தெரியும் தேதியும், பக்கத்தின் உள்ளே கணினிக்காக எழுதும் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றும் அது கேட்டுக்கொள்கிறது. கணினிக்கான தேதி எந்த மொழிப் பக்கமானாலும் ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தரப்படி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், 2025-08-03 என்றுதான் இருக்கும். அதைத் தமிழாக்கவும் கூடாது, தெலுங்காக்கவும் கூடாது.

உங்கள் பிரஸ்ஸிலேயே இந்த ஏற்பாடு இருக்கிறது. ஒரே படத்தைத் தமிழுக்கும் தெலுங்குக்கும் ஓட்டும்போது நிறங்களுக்கான பிளேட்டுகள் அப்படியே இருக்க, எழுத்து வரும் கறுப்பு பிளேட்டை மட்டும்தானே மாற்றுகிறீர்கள்? தளத்தின் உள்ளே சேமித்த தேதி அந்த நிறப் பிளேட்டுகள் போல, எல்லா மொழிக்கும் ஒன்று. பக்கத்தில் தெரியும் வடிவம் கறுப்பு பிளேட்.

அந்தக் கறுப்பு பிளேட்டில்தான் உங்கள் அடுத்த தொல்லைகள். தமிழ்ப் பக்கத்தில் தேதி பாதி ஆங்கிலமாக வர இரண்டு காரணம் இருக்கலாம். தேதி வடிவத்தை வேர்ட்பிரஸ்ஸில் பொது அமைப்புகளில் ஒரே இடத்தில்தான் கொடுக்கிறோம். ஆங்கிலத்துக்காகக் கொடுத்த வடிவத்தில், எண்ணோடு ஒட்டிக்கொள்ளும் இரண்டெழுத்து வால் ஒன்று இருக்கும். மாதப் பெயர் தமிழாகிவிட்டாலும் அந்த வால் ஆங்கிலமாகவே நிற்கும். பிளகினின் சரங்கள் மொழிபெயர்ப்புப் பகுதியில் தேதி வடிவமும் ஒரு வரியாக இருக்கும். தமிழுக்கு அதை நாள், மாதம், ஆண்டு என்று மாற்றிவிட்டால் '3 ஆகஸ்ட் 2025' என்று சரியாக வரும். அப்படியும் மாதப் பெயர் ஆங்கிலத்திலேயே நின்றால், தீம் செய்தவர் பிஎச்பியின் வெறும் 'டேட்' ஃபங்ஷனைப் போட்டிருக்கிறார் என்று பொருள். அதற்கு ஆங்கிலம் தவிர வேறு மொழி தெரியாது. அதற்குப் பதில் வேர்ட்பிரஸ்ஸின் சொந்தத் தேதி ஃபங்ஷனைப் போடச் சொல்லுங்கள். ஒரு வரி வேலை.

தேதிக் கட்டத்தில் ஒற்றை எழுத்து வருவதன் காரணம் இதைவிடச் சுவையானது. ஆங்கில மாதப் பெயரின் முதல் மூன்று எழுத்தைக் கட்டத்தில் காட்டுவது தீம்களின் வழக்கம். நிரலில் அதை 'முதல் மூன்று பைட்' என்று எழுதிவைத்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் பிரச்சினை இல்லை. யுனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். ஆக, வெட்டிய பிறகு மிஞ்சுவது ஒரே குறியீடு. ஜனவரி, ஜூன், ஜூலை மூன்றுமே 'ஜ' ஆகிவிடும். மார்ச்சும் மேயும் 'ம' ஆகிவிடும். ஆகஸ்ட்டுக்கு 'ஆ', அக்டோபருக்கு 'அ'. தெலுங்குக்கும் இந்திக்கும் இதே கதிதான். அந்தப் பக்கங்களையும் திறந்து பாருங்கள். மாதப் பெயரை வெட்டவே வேண்டாம் என்பது என் கருத்து. கட்டத்தைக் கொஞ்சம் அகலமாக்கி முழுப் பெயரையும் போடுங்கள். 'செப்டம்பர்' நுழையும் அளவுக்கு அகலம் இருந்தால் மற்றதெல்லாம் நுழைந்துவிடும்.

எண்ணாலேயே தேதி எழுத ஆசைப்படாதீர்கள். 03.08.2025 என்று அரசாணையில் பார்த்துப் பழகிய நமக்கு அது ஆகஸ்ட் 3. ஆங்கிலப் பக்கத்தை அமெரிக்காவிலிருந்து ஒருவர் படித்தால் அவருக்கு மார்ச் 8. மாதத்தை எழுத்தால் எழுதினால் இந்தக் குழப்பம் எந்த மொழியிலும் வராது. பக்கத்தில் கிழமையையும் சேர்த்துவிடுங்கள். வியாபாரத்தில் கிழமைதான் சரிபார்ப்பு. தேதியைத் தப்பாக அடித்தால் கிழமை காட்டிக்கொடுத்துவிடும்.

மணிக்கும் ஒரு வார்த்தை. உலக மொழிகளின் தேதி, எண் வழக்கங்களைத் தொகுத்து வைத்திருக்கும் யுனிகோடின் சிஎல்டிஆர் தரவில் தமிழுக்கு முற்பகல், பிற்பகல் மட்டுமல்லாமல் அதிகாலை, காலை, மதியம், மாலை, இரவு என்ற பிரிவுகளும் இருக்கின்றன. பல தளங்கள் முதல் இரண்டை மட்டுமே எடுத்துக்கொண்டு இரவு எட்டு மணியை 'பிற்பகல் 8' என்று காட்டுகின்றன. அப்படி யாரும் பேசுவதில்லை. செய்பவரிடம் சொன்னால் நாளின் பிரிவைக் காட்டும் வடிவத்துக்கு மாற்றித் தருவார்.

நள்ளிரவு அறிவிப்பு முந்தைய நாள் தேதியில் வந்ததற்குப் பொது அமைப்புகளில் நேர மண்டலத்தைப் பாருங்கள். யூடிசி என்று இருக்கும். இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னே போகிறது. நம் நள்ளிரவு 12 மணியிலிருந்து விடியற்காலை ஐந்தரை வரை நீங்கள் எது போட்டாலும் நேற்றைய தேதிதான் விழும். ஆடி 18 பிறந்ததும் ஆல்பத்தைப் போட வேண்டும் என்று ஆசையாக உட்கார்ந்திருப்பவருக்கு ஆடி 17-தான் கிடைக்கும். மண்டலத்தைக் கொல்கத்தா என்று மாற்றுங்கள். ஆனால் மாற்றியதும் பழைய பதிவுகள் தாமாகச் சரியாகிவிடாது. அந்த நேரத்தில் போட்டவற்றைத் தேடி ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும்.

இதே பிழைக்கு இன்னொரு வாசல் உண்டு, அதை விஸ்வநத்தத்தில் உட்கார்ந்து பார்த்தால் கண்டுபிடிக்கவே முடியாது. பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட், மணி இல்லாத 2025-08-03 என்ற தேதியை யூடிசி நள்ளிரவு என்று எடுத்துக்கொண்டு, பார்ப்பவரின் ஊர் நேரத்துக்கு மாற்றிக் காட்டும். இந்தியாவில் அது ஆகஸ்ட் 3 விடியற்காலை ஐந்தரை. தேதி சரியாகவே இருக்கும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் காலை எட்டு, அங்கும் சரி. நியூ ஜெர்சியில் அது முந்தைய நாள் மாலை. அங்குள்ள வாடிக்கையாளர் ஆகஸ்ட் 2 என்று பார்ப்பார். உங்கள் போனின் நேர மண்டலத்தை நியூயார்க்குக்கு மாற்றிவைத்துவிட்டு ஒருமுறை உங்கள் தளத்தைத் திறந்து பாருங்கள். வெளியீட்டுத் தேதியை யார் ஊர் நேரத்துக்கும் மாற்றாமல் இந்தியத் தேதியாகவே காட்டுவதுதான் முறை.

இப்போது சித்தப்பாவின் கேள்வி. அவர் கேட்பது முழு நியாயம் என்றே எனக்குப் படுகிறது. ஆடிப்பெருக்கன்று ஆல்பம் போடுவது சிவகாசிக் காலண்டர் தொழிலின் வழக்கம். அந்த அறிவிப்பில் ஆடி இல்லை என்றால் தமிழ் வாசகருக்கு அதில் என்ன இருக்கிறது? ஆனால் அதைக் கணினி தானாகப் போட்டுத்தரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மேகநாத் சாகா தலைமையில் 1952-இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்த சக ஆண்டு தேசிய நாட்காட்டி உங்கள் பிரவுசருக்கு உள்ளேயே இருக்கிறது. இஸ்லாமிய நாட்காட்டி சில வகைகளில் இருக்கிறது. நம் சித்திரை முதல் பங்குனி வரை அதில் இல்லை.

ஒரு சூத்திரம் எழுதிப் போட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். மாதங்களின் நாள் எண்ணிக்கை 29-லிருந்து 32 வரை போகும் என்பதும், சூரியன் ராசி மாறும் நேரத்தைப் பொறுத்தே மாதப் பிறப்பு என்பதும் உங்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டு வழக்கில் சூரியன் மறைவதற்குள் ராசி மாறினால் அன்றே மாதம் பிறந்துவிடும். மறைந்த பிறகு மாறினால் மறுநாள். கேரளத்தில் பகல் பொழுதை ஐந்தாகப் பிரித்து, மூன்று பங்கு கழிவதற்குள் மாறினால்தான் அன்று. நடுவில் மாட்டிக்கொள்ளும் மாதங்களில் நம் ஒன்றாம் தேதிக்கும் மலையாள ஒன்றாம் தேதிக்கும் ஒரு நாள் வித்தியாசம் வந்துவிடும். நாளைக்கு மலையாளப் பக்கம் ஒன்று சேர்த்தால் தமிழ்த் தேதியை மொழிபெயர்த்து அங்கே போட முடியாது. ஆடிக்குப் பதில் கர்க்கடகம் என்று பெயரை மாற்றினால் மட்டும் கணக்குச் சரியாகிவிடாது.

சூத்திரம் வேண்டாம். வருஷத்துக்குப் பன்னிரண்டு வரியுள்ள ஓர் அட்டவணை போதும்: ஒவ்வொரு தமிழ் மாதத்தின் ஒன்றாம் தேதியும் ஆங்கிலத்தில் எந்தத் தேதி என்பது மட்டும். விசுவாவசு வருஷத்துக்குச் சித்திரை 1 என்பது 2025 ஏப்ரல் 14, ஆடி 1 என்பது ஜூலை 17, ஆவணி 1 என்பது ஆகஸ்ட் 17, தை 1 என்பது 2026 ஜனவரி 15. மற்ற தேதிகளைத் தளம் இந்த வரிகளிலிருந்து எண்ணிக்கொள்ளும். இந்தப் பன்னிரண்டு வரியையும் வெளியில் தேடாதீர்கள். தினசரித் தாளுக்காக நீங்கள் வாங்கி, புரூஃப் பார்த்து முடித்த அதே பஞ்சாங்கப் பக்கத்திலிருந்து எடுங்கள். உங்கள் தாளில் ஒரு தேதியும் உங்கள் தளத்தில் வேறு தேதியும் இருந்தால் சித்தப்பாவால் டீலர் முகத்தில் விழிக்க முடியாது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மொழியை வைத்து நாட்காட்டியை முடிவு செய்துவிட முடியாது. தமிழுக்குள்ளேயே வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு கணக்கு ஓடுகிறது. திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி 2025 மார்ச் 29 என்று ஊரெல்லாம் பேச்சு இருந்தபோது, தாங்கள் வாக்கியப் பஞ்சாங்கத்தையே பின்பற்றுவதாகவும் அன்று பெயர்ச்சி இல்லை என்றும் திருநள்ளாறு கோயில் நிர்வாகம் அறிவித்தது. வாக்கியக் கணக்கில் அது அடுத்த ஆண்டுக்குப் போய்விட்டது. ஒரே மொழி, ஒரே நிகழ்வு, ஏறத்தாழ ஓராண்டு இடைவெளி. ஆகவே பஞ்சாங்கம் சார்ந்த எந்தத் தேதிக்கும் பக்கத்தில் அது எந்தக் கணக்கு என்று எழுதுங்கள்.

தெலுங்கிலும் இந்தியிலும் இதைவிட நுணுக்கமான சங்கதி. இரண்டும் சந்திர மாதக் கணக்குதான். தெலுங்கில் மாதம் அமாவாசையோடு முடியும். இந்தி பேசும் பகுதிகளில் பௌர்ணமியோடு முடியும். அதனால் தேய்பிறை நாள்களில் இருவருக்கும் மாதப் பெயர் வேறு. தீபாவளி அமாவாசை தெலுங்கில் ஆச்வயுஜ மாதத்தில் வரும், இந்தியில் கார்த்திக மாதத்தில் வரும். நாள் ஒன்றுதான். தெலுங்குப் பக்கத்தைப் பார்த்து இந்தி செய்கிற மொழிபெயர்ப்பாளர் மாதப் பெயரை அப்படியே கொண்டுவந்தால் ஒரு மாதம் பிசகிவிடும். இந்த இரண்டு பக்கங்களிலும் அறிவிப்புத் தேதிக்கு ஆங்கில மாதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மரபுத் தேதி என்ற கூடுதல் வரி, சரிபார்த்துச் சொல்ல உங்களிடம் ஆள் இருக்கும் மொழியில் மட்டும் வரட்டும். இப்போதைக்கு அது தமிழ்.

தேதியை மொழிபெயர்ப்பதிலேயே இவ்வளவு என்றால், பண்டிகையை மொழிபெயர்ப்பதில் இன்னும் கவனம் வேண்டும். சிவகாசிப் பக்கத்தில் 2018 தீபாவளியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் பட்டாசு வெடிக்க இரவு 8 முதல் 10 மணி வரை என்று நேரம் குறித்தது. இரவில் கொண்டாடும் வடக்குக்கு அது பொருந்தியது. நரக சதுர்த்தசி விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து வெடி போடும் நமக்குப் பொருந்தவில்லை. தமிழக அரசு முறையிட்ட பிறகு அக்டோபர் 30-இல், மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மிகாமல் நேரத்தை மாநில அரசே முடிவு செய்யலாம் என்று நீதிமன்றம் திருத்தியது. காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு அறிவித்தது. நேரம் மட்டுமல்ல, அந்த ஆண்டு நாளே வேறு: நமக்கு நவம்பர் 6, வடக்கே நவம்பர் 7. உங்கள் தளத்தில் 'தீபாவளி, நவம்பர் 6, பிரஸ் விடுமுறை' என்று தமிழில் எழுதியதை இந்தியில் அப்படியே பெயர்த்திருந்தால், இந்தி வாசகர் தேதி தப்பு என்றுதான் நினைத்திருப்பார். இப்படிப்பட்ட அறிவிப்பில் பண்டிகைப் பெயரை விட்டுவிட்டு 'நவம்பர் 6, செவ்வாய், பிரஸ் இயங்காது' என்றால் நான்கு மொழிக்கும் சரியாக இருக்கும்.

மூன்றாவது தேதியான திருத்திய நாளைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. காலண்டர் தொழிலுக்கு அதுதான் மிகவும் முக்கியம் என்று நினைக்கிறேன். இஸ்லாமியப் பண்டிகை நாள்கள் பிறை பார்த்து உறுதியாகும். தினசரித் தாளோ பல மாதம் முன்பே ஓடி முடிந்துவிடும். 2024-இல் மிலாடி நபி விடுமுறையைத் தமிழக அரசு செப்டம்பர் 16-லிருந்து 17-க்கு மாற்றியது. சுவரில் தொங்கும் தாளைத் திருத்த முடியாது. தளத்தில் விடுமுறைப் பட்டியலைத் திருத்தலாம். அப்போது 'திருத்திய நாள்' என்று தேதி போட்டு, எது எதுவாக மாறியது என்று ஒரு வரி எழுதுங்கள். தாளைப் பார்த்துவிட்டு வருகிறவர் ஏன் வித்தியாசம் என்று தெரிந்துகொள்வார்.

இந்தத் திருத்திய நாளை மட்டும் மொழிகளுக்கிடையே ஒத்திசைக்கவே கூடாது. தமிழில் திருத்திவிட்டு ஆங்கிலத்தைத் தொடாமல் விட்டிருக்கும்போது, ஆங்கிலப் பக்கத்திலும் புதுத் தேதி விழுந்தால் பழைய விவரம் சரிபார்த்த விவரம்போல நிற்கும். ஒவ்வொரு மொழியும் தான் எந்த நாள் வரை சரி என்று தானே சொல்ல வேண்டும். மற்ற மொழிகளைத் திருத்த நேரமில்லாத நாளில், 'இந்தப் பட்டியலில் மாற்றம் வந்திருக்கிறது, தமிழ்ப் பக்கம் பார்க்கவும்' என்று அந்தந்த மொழியில் முன்பே எழுதி வைத்திருக்கும் ஒரு வரியை மேலே ஏற்றிவிடலாம். இன்னொன்று: தமிழக அரசின் விடுமுறை மாற்றம் தமிழ்நாட்டுக்குத்தான். ஆந்திராவும் தெலங்கானாவும் தங்கள் பட்டியலைத் தாங்களே வெளியிடுகின்றன. தெலுங்குப் பக்கத்தைத் திருத்தும் முன் அந்த அரசுகளின் ஆணைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் ஆடி நெருங்கும்போது தொடங்க வேண்டாம். பொங்கல் கழிந்து பிரஸ்ஸில் ஓட்டம் குறையும் மாதங்களில் செய்யுங்கள். தேதி ஒத்திசைவைப் போடும் முன் தளத்தை முழுதாக பேக்கப் எடுத்துவிடுங்கள். போட்ட பிறகு ஒரு மொழியில் தேதியை மாற்றினால் மற்ற மூன்றிலும் மாறிவிடும், பழைய தேதி எது என்று பிறகு தெரியாது.

கூடவே பெர்மாலிங்க் அமைப்பையும் பாருங்கள். பக்கத்தின் முகவரிக்குள் ஆண்டு, மாதம், நாள் வரும்படி வைத்திருந்தால், தேதியைத் திருத்தியதும் முகவரியும் மாறிவிடும். வேர்ட்பிரஸ் பல நேரம் பழைய முகவரியிலிருந்து தானாகத் திருப்பிவிடும். ஆனாலும் அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. காலண்டர் அட்டையில் கியூஆர் கோடு அச்சடித்திருந்தால் அது வீட்டுச் சுவரில் டிசம்பர் 31 வரை தொங்கும், பழைய முகவரியைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். தேதி மாறிய ஒவ்வொரு பக்கத்துக்கும் பழைய முகவரியிலிருந்து புது முகவரிக்கு ரீடைரக்ட் போட்டு, நான்கு மொழி அட்டைகளிலும் ஒவ்வொன்றை எடுத்துப் போனில் ஸ்கேன் செய்து, அந்தந்த மொழிப் பக்கமே திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.